எதிரேறும் பித்தம்

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மழை வளம் பெருகும் ஆண்டுகளில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுக்கப்பெறும், 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. இவ்வெச்சரிக்கைகள் யாவும் அணைக்குக் கீழே வாழ்வோர்க்கு உரியன. அணைக்கு மேற்புறம் நிகழ்வதை எவரும் பறையறைந்து சொல்வதில்லை. அங்கே நீர் ஓசையின்றிப் பின்னோக்கி விரிகின்றது. கோடையில் ஆடு மேய்ந்த தரை நீருக்குள் மறைகின்றது. குன்னூர்ப் பக்கம் ஆற்றுப் பாலத்தில் நின்று பார்ப்பவர்க்கு, கீழ்நோக்கி ஓட வேண்டிய வைகை தன் வந்த வழியே திரும்பி ஏறி வருவதுபோல் தோன்றும்.

இரண்டாண்டுகளுக்கு முன் அப்படிப்பட்டதொரு மாலையில் என் அத்தாவை அணைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1959ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இவ்வணை திறக்கப்பெற்றபோது அவர்கள் பள்ளிச் சிறுவர். அணையைப் பார்த்தாலே அக்காலக் கதைகள் பத்துச் சொல்லும் வழக்கமுடையவர்கள் அன்று வாய் திறக்கவில்லை. நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி எதுத்து ஏறுனா கரை என்னத்துக்குப்பா ஆகும்?" என்றார்கள். அவர்கள் கேட்டது அணையைப் பற்றி அன்று என்பது எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். சில நாளாக நெஞ்சுக்குக் கீழே உப்புசம் என்று சொன்னதால் நகர மருத்துவமனை ஒன்றில் எண்டோஸ்கோப்பிச் சோதனை செய்தோம். புண் இல்லை, கட்டி இல்லை. ஆயினும் அறிக்கையின் கடைசி வரியில், முன்சிறுகுடலிலிருந்து பித்தநீர் இரைப்பைக்குள் திரும்பி வந்திருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு தொடர் இருந்தது. அறிக்கையைக் கையில் கொடுத்தவர், "பெரியவருக்குப் பித்தம் மேலே ஏறுது, இனிமே வயித்தைக் காயப்போடக் கூடாது" என்று சொல்லியனுப்பிவிட்டார். ரமலானுக்கு ஒரு மாதமே இருந்தது. சிறுவயது முதல் நோன்பு விடாதவர்கள். அன்றிலிருந்து புளி நின்றது; எண்ணெய் நின்றது; இறைச்சி நின்றது; இரவில் உறக்கமும் நின்றது. நாற்பது நாளில் ஆறு கிலோ எடை குறைந்தது. அந்த எடையைக் குறைத்தது நோயன்று. அந்த ஒரு வரி.

அவ்வரியின் பொருளைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. மருத்துவம் என் துறையன்று. தமிழ் என் துறை. எனினும் ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால் ஒரு மனிதர் உணவைத் துறக்கும் நிலை வரும்போது, சொல்லாராய்ச்சி செய்பவனுக்கும் அதில் சிறிது கடமை உண்டு என்றே கருதுகின்றேன்.

வாயில்காப்போன்

நாம் உண்ணும் உணவு உணவுக்குழல் வழியே இரைப்பையை அடைகின்றது. இரைப்பை நாள்தோறும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீரைச் சுரக்கின்றது; அதில் கடுமையான ஐதரோகுளோரிக் அமிலம் உண்டு. அங்கே கூழான உணவு சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் விடப்படுகின்றது. முன்சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். கல்லீரல் சுரந்து பித்தப்பை தேக்கி வைத்த பித்தநீரும், கணையம் சுரந்த கணையநீரும் இங்கேதான் வந்து கலக்கின்றன. கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கும். கணையநீர் காரத்தன்மை உடையது. இரைப்பையின் அமிலத்தை அடக்குவது. பித்தநீரோ கொழுப்பைச் சவர்க்காரம்போல் கரைத்துச் சிதறச் செய்வது. இரைப்பை அமில நாடு, முன்சிறுகுடல் கார நாடு. இரண்டுக்கும் இடையே ஒரு வாயில்.

அவ்வாயிலுக்கு மருத்துவர் வழங்கும் பெயர் பைலோரஸ். கிரேக்க மொழியில் அதற்குப் பொருள் வாயில்காப்போன். இப்னு சீனாவின் அரபு மருத்துவ நூலிலும் அதன் பெயர் 'பவ்வாப்', அதாவது வாயில்காவலன். முன்சிறுகுடலின் பெயர் வரலாறு இதனினும் சுவையானது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் எரோபிலசு அதன் நீளம் பன்னிரண்டு விரற்கடை என்று அளந்து, 'பன்னிரு விரல்' என்று பொருள்படப் பெயரிட்டார். அரபு அறிஞர்கள் அதனை 'இஸ்னா அஷரி' என்றனர். பன்னிரண்டுக்கு உரியது என்பது பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலீதோ நகரிலிருந்து இப்னு சீனாவின் 'அல் கானூன்' நூலை இலத்தீனில் பெயர்த்த கிரமோனா நகரத்து செரார்டு, அரபுச் சொல்லைத் தழுவி 'டியோடினம்' என்றார். இன்று தேனி மாவட்டத்து மருத்துவர் எழுதும் அறிக்கையில் காணும் சொல், கிரேக்கத்தில் பிறந்து அரபு மடியில் வளர்ந்து இலத்தீன் உடையில் வந்த சொல்லாகும்.

980இல் பிறந்து 1037இல் மறைந்த இப்னு சீனா, பித்தப்பையைப் பற்றிக் கூறுமிடத்து, அதிலிருந்து சிலருக்கு ஒரு கிளை இரைப்பையின் அடிப்பகுதிக்கும் செல்வதுண்டு என்று எழுதியுள்ளார். அவருக்கு முன் கேலனும் இத்தகைய கருத்தைக் கூறியவர். இரைப்பையில் பித்தநீர் காணப்படுகிறது. ஆகவே அதற்கு ஒரு குழாய் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. அந்தக் குழாயைப் பிற்கால உடற்கூற்றியலார் பொதுவிதியாக ஏற்கவில்லை. குழாய் தேவையில்லை, வாயில் திறந்திருந்தால் போதும்.

இங்கேதான் நம்மிற் பலருக்கும் உள்ள தவறான படம் ஒன்றைத் திருத்த வேண்டும். இரைப்பையின் கீழ்வாயை நாம் அணையின் மதகுபோலக் கற்பனை செய்கின்றோம்: இரும்புக் கதவு, சக்கரம் சுழற்றினால் திறக்கும், இல்லையேல் ஒரு சொட்டும் கசியாது. உண்மை அப்படியன்று. பைலோரஸ் தசையாலான ஒரு வளையம். வயிறு வெறுமையாக உள்ள வேளையில் அது பெரும்பாலும் சிறிதளவு திறந்தே கிடக்கின்றது. இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை சுருங்கும் தாளமுடையது. முன்சிறுகுடலோ நிமிடத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்னும் தாளமுடையது. இரு தாளங்களும் ஒத்துப்போகும் கணத்தில் நீர் கீழ்நோக்கிச் செல்லும். முன்சிறுகுடல் சுருங்கும் கணத்தில் வாயில் திறந்திருந்து, இரைப்பையின் அழுத்தம் குறைந்திருந்தால், அந்த நீரில் சிறிது மேல்நோக்கித்தான் செல்லும். அழுத்தம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் ஓடும் என்ற பள்ளிப்பாடம் குடலுக்குள்ளும் பொருந்துவதே. ஆகவே நலமாயிருப்பவர் இரைப்பையில் அவ்வப்போது சிறிதளவு பித்தநீர் காணப்படுவது இயற்கை நிகழ்வே. உண்ட பின்னும், பின்னிரவு விடியற்பொழுதிலும் இது மிகுதியாக நிகழ்கின்றது.

நம் தென்பாண்டி வழக்கில் 'எதுக்களித்தல்' என்றொரு சொல் உண்டு. உண்டது வாய்வரை திரும்பி வருவதைக் குறிப்பது. அது இரைப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு ஏறும் நிகழ்ச்சி. நாம் பேசுவது முன்சிறுகுடலிலிருந்து இரைப்பைக்கு ஏறுவது. முன்னது கண்ணுக்கும் நாவுக்கும் தெரியும். பின்னதைப் பெரும்பாலும் நாம் உணர்வதே இல்லை. எனவேதான் அதற்கு வழக்கில் தனிப்பெயர் ஏற்படவில்லை போலும். 'எதிரேற்றம்' என்னும் சொல்லை இக்கட்டுரையளவில் அதற்குப் பயன்படுத்துகின்றேன். சம்பந்தர் இட்ட ஏடு வைகையை எதிர்த்து ஏறியதால் திருவேடகம் பெயர் பெற்றது என்று பெரியபுராணம் வழி அறிகின்றோம். எதிரேறுதல் வைகைக்கரை மக்களுக்குப் புதிய சொல்லன்று.

வயிற்றில் அமைந்த சாளரம்

உயிரோடிருக்கும் மனிதனின் இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதன்முதலில் பல்லாண்டு கண்ணால் கண்டு குறித்தவர் வில்லியம் பியூமான்ட் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர். 1822ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள், மெக்கினா தீவில் அலெக்சிசு செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞர்மீது தற்செயலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைக்கமாட்டார் என்று எண்ணப்பட்டவர் பிழைத்தார். ஆனால் வயிற்றுப்புறத்தில் இரைப்பைக்குள் திறக்கும் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. அத்துளை வழியே பியூமான்ட் உணவைக் கட்டி உள்ளே விட்டார். நீரை எடுத்துச் சோதித்தார். 1833இல் நூல் வெளியிட்டார். வறிய ஒரு தொழிலாளியின் உடம்பு ஆய்வுக்கூடமாக்கப்பட்ட அந்த உறவில் இன்றைய நெறிமுறைக்கு ஒவ்வாதன பல உண்டு; செயின்ட் மார்ட்டின் பலமுறை பியூமான்டைப் பிரிந்து ஊர் திரும்பியதில் வியப்பில்லை. அவர் 1880 வரை வாழ்ந்தார்.

பித்தநீரைப் பற்றி பியூமான்ட் கண்டவை இரண்டு. ஒன்று, அது இரைப்பையில் வழக்கமாகக் காணப்படுவதில்லை. எண்ணெய் மிக்க உணவு உண்ட வேளையில் காணப்படுகின்றது, அப்போது செரிமானத்துக்கு உதவவும் செய்கின்றது. மற்றொன்று, அலெக்சிசு கடுஞ்சினம் கொண்ட வேளைகளில் இரைப்பையில் மஞ்சள் நீர் காணப்பட்டது.

இரண்டாவது செய்தியைப் படித்தபோது எனக்கு நம் சொற்கள் நினைவுக்கு வந்தன. 'பித்தம் தலைக்கேறியது' என்கின்றோம். பித்து, பித்தன் என்பன அதன்வழி எழுந்த சொற்கள். அரபு மருத்துவத்தில் மஞ்சட் பித்தமாகிய 'ஸஃப்ரா' மிக்கவன் சினமுடையவன். ஐரோப்பியர் கறுப்புப் பித்தம் என்று பொருள்படும் சொல்லால் துயரத்தைக் குறித்தனர். சித்த மருத்துவத்தில் அழல் என்னும் பித்தம் வளி, ஐயம் இரண்டோடும் நின்று உடம்பைத் தாங்குவது. கல்லீரல் சுரக்கும் நீர் மட்டும் அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே குழப்பம் விளைகின்றது. அத்தா அஞ்சியது அறிக்கையிலுள்ள பித்தநீரை அன்று. நம் மொழியில் ஆயிரமாண்டாகத் தலைக்கேறிக்கொண்டிருக்கும் பித்தத்தை.

பியூமான்டுக்குப் பின் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர் போல்டிரெஃப். 1904இல் நோபல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். எண்ணெயை இரைப்பைக்குள் செலுத்தினால் பித்தநீரும் கணையநீரும் திரும்பி ஏறி வருவதை அவர் காட்டினார். அதனை ஒரு சோதனை முறையாகவே கையாண்டனர். கணையநீரைப் பெறுவதற்கு அறுவை செய்யாமல், எண்ணெய் கொடுத்து இரைப்பையிலிருந்தே எடுத்தனர். பிறகு அவர் ஒருபடி மேலே சென்றார். தூய இரைப்பைநீரில் அமிலம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு, ஆயினும் இரைப்பையில் உள்ள கலவையில் அதனினும் மிகக் குறைவு. இக்குறைவுக்குக் காரணம் எதிரேறி வரும் கார நீரே. இரைப்பை தன் அமிலத்தைத் தானே சமன் செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்று 1915இல் எழுதினார். பின்வந்தோர் இக்கருத்தை அப்படியே ஏற்கவில்லை. உமிழ்நீரும் சளிப்படலமும் இரைப்பைச் சுவர் தானே சுரக்கும் காரமும் அப்பணியில் பங்கு கொள்கின்றன என்று கண்டனர். ஆயினும் எதிரேற்றம் என்றாலே கேடு என்னும் எண்ணத்துக்கு மாறாக, அதற்கொரு பயன் இருக்கலாம் என்று சிந்தித்தவர் அவர்.

நோன்பு வயிற்றில் எழும் அலை

அத்தாவிடம் 'வயிற்றைக் காயப்போடக் கூடாது' என்று சொல்லப்பட்டதல்லவா? காய்ந்த வயிற்றில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதனையும் முதலிற் கண்டவர் அதே போல்டிரெஃப்தான். உணவில்லாத வயிறு உறங்குவதில்லை; குறித்த கால இடைவெளியில் தானே எழுந்து வேலை செய்து, மீண்டும் ஓய்கின்றது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் கண்டார். 1969இல் சுர்சூவ்சுகி என்னும் ஆய்வாளர் இவ்வலை இரைப்பைப் பக்கம் தொடங்கிச் சிறுகுடல் முடிவுவரை நகர்ந்து செல்வதை நாய்களில் விளக்கினார். மனிதர்க்கும் அவ்வாறே. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். அதில் பெரும்பகுதி அமைதி. பிறகு ஒழுங்கற்ற சுருக்கங்கள். இறுதியில் ஐந்து பத்து நிமிடம் வலிய அலைகள். எஞ்சிய உணவுத் துகள், உதிர்ந்த செல்கள், தேவையற்ற கிருமிகள் அனைத்தையும் கூட்டிப் பெருக்கிக் கீழே தள்ளும் வேலை அது. வீட்டைப் பெருக்குபவர் என்றே உடலியலார் அதற்குப் பட்டப்பெயர் வைத்துள்ளனர். நோன்பு வேளையில் வயிறு உறுமும் ஓசையில் ஒரு பகுதி இப்பெருக்குமாற்றின் ஓசையே.

வியப்பு என்னவெனில், இந்த அலையின் முடிவில் முன்சிறுகுடலின் மேற்பகுதியில் சில சுருக்கங்கள் எதிர்த்திசையில் எழுகின்றன. நலமுடையோரிடம் அளந்து கண்ட செய்தி இது. அவை முன்சிறுகுடலின் கார நீரைச் சிறிதளவு இரைப்பையின் அடிக்குத் திருப்பியனுப்புகின்றன. வாசலைப் பெருக்கி முடித்தபின் நீர் தெளிப்பதுபோல, அமிலம் பட்ட அவ்விடத்தை அது கழுவிச் சமன்செய்கின்றது என்று கருதுகின்றனர்.

கணக்கிட்டுப் பாருங்கள். நம் பகுதியில் நோன்பின் நேரம் ஏறத்தாழ 13 மணி. ஸஹர் உணவு செரிக்க மூன்று நான்கு மணி நேரம் போக, எஞ்சிய ஒன்பது பத்து மணி நேரத்தில் ஐந்தாறு முறை இவ்வலை எழக்கூடும். அவ்வேளைகளில் சிறிது பித்தநீர் எதிரேறவும் கூடும். அதாவது நலமான நோன்பாளியின் வயிற்றில் இயல்பாக நடப்பதே இது. அத்தா சிறுவயது முதல் நோற்ற ஒவ்வொரு நோன்பிலும் நடந்துவந்தது. ஒரு குழாயும் விளக்கும் கொண்டு பார்த்த நாளில்தான் அதற்குப் பெயர் தெரிந்தது.

அன்றியும், எண்டோஸ்கோப்பிச் சோதனையின்போது காணப்படும் பித்தநீரை வைத்து முடிவு சொல்ல இயலாது. குழாய் தொண்டையில் இறங்குகையில் குமட்டல் வருகின்றது. குமட்டும்போது சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பேரலை எதிர்த்திசையில் விரைந்து வந்து, குடலில் உள்ளதை இரைப்பைக்குள் கொட்டுகின்றது. வாந்திக்கு உடல் செய்யும் முன்னேற்பாடு அது. பார்க்க வந்த கருவியே பார்க்கப்படும் பொருளை வரவழைத்துவிடுகின்றது! உண்மையாக அளக்க வேண்டின் வேறு வழிகள் உள. பித்தநீரின் மஞ்சள் நிறமியை ஒளி இழை கொண்டு 24 மணி நேரம் அளக்கும் கருவி 1990களில் வந்தது. கல்லீரல் ஏற்றுப் பித்தத்தோடு வெளியிடும் கதிரியக்கப் பொருளை ஊசி வழி செலுத்திப் படமெடுக்கும் முறையும் உண்டு. இவை எல்லார்க்கும் தேவைப்படுவன அல்ல.

மஞ்சளாகவோ பச்சையாகவோ வாந்தி வருவதைக் கண்டு கல்லீரலே கெட்டுவிட்டது என்று அஞ்சுவோரும் உளர். இரைப்பையில் உணவு தீர்ந்த பின்னும் வாந்தி தொடர்ந்தால், மேற்சொன்ன பேரலையால் பித்தநீர்தான் வரும். மஞ்சள் நிறமி மாறுதலடையும்போது பச்சையாகின்றது, அவ்வளவே.

கோளாறாவது எப்போது?

இவ்வளவும் சொல்லி, எதிரேற்றம் ஒருபோதும் தீங்கு செய்யாது என்று முடித்தால் அது பொய்யாகும். என் தாய்மாமாவின் வாழ்க்கை அதற்குச் சான்று.

1970களில் நம் பள்ளத்தாக்கில் 'அல்சர் ஆப்பரேசன்' என்பது வீட்டுக்கு வீடு கேட்ட சொல். தென்னாட்டில் குடற்புண் மிகுதி என்பதை வெளிநாட்டு மருத்துவர் முன்னரே குறித்துள்ளனர். நீலகிரிக் குன்னூரில் (நம் வைகைக்கரைக் குன்னூர் அன்று) ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன், மரவள்ளிக்கிழங்கு மிக்க திருவிதாங்கூர் ஏழை மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றுக்கு வயிற்றுப்புண் வருவதைக் கண்டார். மைசூரில் பல்லாண்டு அறுவை மருத்துவராயிருந்த பிராங்க் டோவி, அரிசி உண்ணும் தெற்கில் முன்சிறுகுடற்புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடக்கில் குறைவு என்பதை ஆராய்ந்தார். நாட்பட்ட புண் ஆறித் தழும்பேறி இரைப்பையின் வாயிலை அடைத்துவிடும். அடைத்தால் அறுவைதான் வழி. வாயிலை விட்டுவிட்டு, இரைப்பையின் பக்கவாட்டில் வேறொரு துளையிட்டுச் சிறுகுடலோடு இணைத்துவிடுவர். சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியையே நீக்குவர். இவ்வகை நீக்கத்தை 1881இல் முதலில் வெற்றியாகச் செய்து காட்டியவர் வியன்னா நகரத்துப் பில்ரோத்து.

மாமாவுக்கு மதுரையில் அந்த இணைப்பறுவை செய்தனர். உயிர் பிழைத்தார், சோறு இறங்கியது. ஆனால் வாயில்காப்போன் இல்லாத வாசல் அது. இரவெல்லாம் பித்தநீர் தடையின்றி இரைப்பைக்குள் வந்து தங்கும். விடியற்காலையில் கிணற்றடியில் குனிந்து நின்று பச்சை நீராக வாந்தியெடுப்பார். எடுத்தபின் சிறிது ஆறுதல் பெறுவார். மேல்வயிற்றெரிச்சல் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. உடல் வற்றியது. சிறுவனாயிருந்த நான் செம்பில் நீர் கொண்டு நிற்பேன். இதுவே நோயான எதிரேற்றம்.

இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? அளவிலும் காலத்திலும் உள்ளது. இரைப்பைச் சுவரின்மேல் சளிப்படலம் ஒன்று பூச்சுப்போல் படிந்துள்ளது. சிறிது பித்தநீர் சிறிது நேரம் வந்து, அடுத்த அலையில் கீழே போய்விட்டால் அப்பூச்சுக்கு ஒன்றும் நேர்வதில்லை. மிகுதியாக வந்து நெடுநேரம் தங்கினால், கொழுப்பைக் கரைக்கும் அதன் இயல்பு பூச்சையும் கரைக்கத் தொடங்கும். பித்தநீரிலுள்ள லெசித்தின் கணையநீரால் மாற்றமடைந்து மேலும் கடுமையான பொருளாகும். பூச்சு போன இடத்தில் அமிலமும் சேர்ந்து சுவரை அரிக்கும். இதன் விளைவாக வரும் அழற்சியைத் திசுச் சோதனையில் தனியாக அடையாளம் காண்பர்.

சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரத்து அறுவை மருத்துவர் ரூ அமைத்த முறை இத்தகையோர்க்கு உதவுவது. சிறுகுடலை வெட்டி ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் இணைத்து, பித்தநீர் இரைப்பைக்கு நெடுந்தொலைவு கீழே வந்து சேருமாறு செய்வர். மேற்கே ஓடிய பெரியாற்று நீரைப் பென்னிகுவிக் 1895இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய செயல்போல, ஓட்டத்தையே வேறு வழியில் விடுவது. மாமாவுக்கு அது வாய்க்கவில்லை.

இன்று அந்த அறுவைகள் மிக அருகிவிட்டன. 1982இல் ஆத்திரேலியாவின் பெர்த்து நகரில் மார்சல், வாரன் இருவரும் இரைப்பையில் வாழும் எலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். குடற்புண்ணுக்கு முதன்மைக் காரணம் அக்கிருமியே. இரு வார மாத்திரையில் தீரக்கூடியது. அதன் பெயரிலும் வாயில்காப்போன் இருப்பதைக் கவனிக்க.

அறுவை செய்யாதவர்க்கும் எதிரேற்றம் மிகுவதுண்டு. பித்தப்பையை நீக்கியவர்க்குப் பித்தநீரைத் தேக்க இடமில்லாமையால் அது ஓயாது ஒழுகும். அவருள் பலர்க்குத் தொல்லை ஏதும் இல்லை, சிலர்க்கு உண்டு. புகைபிடிப்போர்க்குப் பைலோரஸ் தளர்ந்து பித்தநீர் எதிரேறுவதை 1973இலேயே ஆய்வாளர் காட்டியுள்ளனர். தறியிலும் தோட்டத்திலும் பீடியைப் பசிக்கு மருந்தாகக் கொள்ளும் நம்மவர் அறிய வேண்டிய செய்தி இது. எண்ணெயால் எதிரேற்றம் மிகும் என்பதை பியூமான்டும் போல்டிரெஃபும் சொன்னதை மேலே கண்டோம். நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சியோடு நில்லாமல் வடையும் சமோசாவும் பஜ்ஜியும் அடுக்குவோர், உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக வயிற்றை மூன்றாகப் பகிர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக வரும் செய்தியை அத்தட்டுக்கு முன் நினைத்துப் பார்க்கலாம்.

இனி, அஞ்ச வேண்டியது எதற்கு? அறிக்கையின் ஒரு வரிக்கு அன்று. காரணமின்றி எடை குறைதல், விழுங்குகையில் தடை, கறுத்த மலம், இரத்த வாந்தி, சோகை, நிற்காத வாந்தி, ஐம்பதைக் கடந்தபின் புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொல்லை ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாவற்றினும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். பிறந்த சில நாளே ஆன குழந்தை பச்சை நிறத்தில் வாந்தியெடுத்தால், 'பித்தம், சேய்நெய் கொடுத்தால் சரியாகும்' என்று கிழவிமார் சொல்வதைக் கேட்டு ஒரு மணி நேரமும் காத்திருத்தல் ஆகாது. குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக அது இருக்கலாம். இரவானாலும் குழந்தையோடு அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பெரியவர்க்கு இயல்பாகக் கூடிய பச்சை நிறம், பச்சிளங் குழந்தைக்கு உயிர் ஆபத்து.

அத்தாவை வேறொரு குடல்நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் அறிக்கையைப் படித்தார். திசுச் சோதனை முடிவைக் கேட்டு வாங்கினார். அழற்சி இல்லை, கிருமியும் இல்லை. எடை குறைந்த கணக்கைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அதற்கென மேலும் சில சோதனைகள் செய்து, ஒன்றுமில்லை என்று உறுதிசெய்த பின்னரே பேசினார். "பாய், இது எனக்கும் இருக்கும், உங்க மகனுக்கும் இருக்கும். குழாய் விட்டுப் பாக்கல, அவ்வளவுதான்" என்றார். நோன்பைப் பற்றிக் கேட்டதற்கு, சர்க்கரையோ வேறு மருந்தோ இல்லாத நிலையில் தாராளமாக வைக்கலாம். ஸஹரில் வயிறு முட்ட உண்டு உடனே படுக்க வேண்டா என்றார். வெறும் வயிற்றில் தொண்டைவரை கசப்பு நீர் தானே ஏறி வந்தால் நோன்பு முறியுமா என்ற அத்தாவின் ஐயத்துக்கு மருத்துவர் விடை சொல்லவில்லை. அதைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். தானாக வருவதால் முறியாது, வந்ததை அறிந்தே விழுங்காமல் துப்பிவிட வேண்டும் என்று அவர் விளக்கினார்.

அவ்வாண்டு முதல் மூன்று நோன்புகளை அத்தா அச்சத்தோடு வைத்தார்கள். நான்காம் நாள் மாலை, கஞ்சியில் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்ளக் கேட்டார்கள்.